தரை இறங்கினால் யாரைக் கேட்பது?

வீடு கட்டும் ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு தவணை ‘பேஸ்மென்ட் மட்டம் முடிந்ததும்’ என்று இருக்கும். அந்தப் பணம் சீக்கிரம் கைக்கு வர வேண்டும் என்பது கான்ட்ராக்டரின் அவசரம். குறுக்கே நிற்பது ஒரே வேலை. சுற்றிலும் எழுப்பிய பேஸ்மென்ட் சுவருக்குள் மண் கொட்டி நிரப்பி, கெட்டிப்படுத்தி, மேலே பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட், போட வேண்டும். முறையாகச் செய்தால் நாலைந்து நாள் பிடிக்கும். ஜேசிபியை வைத்து மூன்றடி மண்ணை ஒரே மூச்சில் தள்ளி, ராத்திரி முழுக்கத் தண்ணீர் விட்டு, மறுநாளே கான்கிரீட் போட்டால் வேலை ஒன்றரை நாளில் முடிந்துவிடும். பல இடங்களில் எது நடக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விளைவு உடனே தெரியாது. இரண்டு மழைக்காலம் கழியும். ஹாலின் நடுவில் போட்ட சோபா லேசாக ஆடும். ஸ்கர்ட்டிங் டைல்ஸுக்கும் தரைக்கும் இடையே ஒரு கோடு விழும். பிறகு அந்தக் கோட்டுக்குள் ஏடிஎம் கார்டு நுழையும். பாத்ரூம் தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் போகாமல் எதிர்மூலையில் தேங்கும். தூணும் பீமும் ஃபுட்டிங்கில் நிற்பதால் வீடு அசையாது. நிரப்பிய மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கும் தரை மட்டும் தனியாக இறங்கும். ‘வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது சார், டைல்ஸ மட்டும் மாத்திக்கலாம்’ என்பார்கள். மாற்றலாம். அடியில் உள்ள மண் இன்னும் அமுங்கி முடியவில்லை என்றால் புது டைல்ஸும் கூடவே இறங்கும்.

மண்ணை இறுக்க எந்த மிஷினை வாடகைக்கு எடுப்பது என்று இப்போது வீட்டுக்காரர்களே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் மிஷினைப் பற்றிப் பேசுமுன் மண், ஈரம், அடுக்கின் கனம் ஆகிய மூன்றையும் முடிவு செய்திருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. சுவரில் தவறு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்த வேலையில் நடக்கும் தவறு மறுநாளே கான்கிரீட்டுக்கு அடியில் போய்விடுகிறது. பிறகு நஷ்டஈடு கேட்கப் போனால் கையில் ஆதாரம் இருக்காது. ஆகவே மிஷின் எடுக்கும் அதே நாளில் ஆதாரத்தையும் சேர்க்க ஆரம்பிக்க வேண்டும்.

என்ன மண் வருகிறது?

தமிழ்நாட்டில் பேஸ்மென்ட் நிரப்ப அதிகம் வருவது கிராவல், அதாவது செம்மண் கலந்த சரளை. அடுத்து கிரஷர் டஸ்ட், எம்-சாண்ட். செலவைக் குறைக்க நினைக்கும் இடங்களில் பழைய கட்டடத்தின் இடிபாடு. இவை எல்லாம் ஒரே மாதிரி இறுகுவதில்லை. படியில் அரிசியை அளக்கும்போது பக்கவாட்டில் தட்டினால் மட்டம் இறங்குகிறதே, மணலும் டஸ்ட்டும் சரளையும் அப்படித்தான் அதிர்வுக்கு அடங்கும். களி மிகுந்த மண் அதிர்வுக்கு அசையாது. அதை இடித்தும் பிசைந்தும்தான் காற்றை வெளியேற்ற முடியும். மிஷின் தேர்வின் அடிப்படை இந்த வேறுபாடுதான்.

கரிசல் மண் எந்த விலைக்கும் வேண்டாம். ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் அந்த மண்ணை எந்த மிஷினாலும் திருத்த முடியாது. அஸ்திவாரம் தோண்டியபோது வந்த மண்ணையே திருப்பிக் கொட்டும் வழக்கம் கோவில்பட்டிப் பக்கமும் கோவையின் சில பகுதிகளிலும் ஆபத்தாவது இதனால்தான்.

இடிபாட்டில் செங்கல் துண்டும் பழைய கான்கிரீட்டும் இருந்தால் பரவாயில்லை; சின்னதாக உடைத்துப் போடலாம். கூடவே மரச்சட்டம் வந்தால் கரையான் வரும். ஃபால்ஸ் சீலிங்கில் இருந்த ஜிப்சம் பலகை வந்தால் அதிலுள்ள சல்ஃபேட் கான்கிரீட்டை அரிக்கும். பெரிய துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் பொந்துகளுக்குள் மேல்மண் மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும். அயர்லாந்தில் டப்ளின் வட்டாரத்தில் ஏராளமான வீடுகளில் தரைக்கடியில் நிரப்பிய உடைகல்லில் பைரைட் என்ற கனிமம் கலந்திருந்தது. காற்றும் ஈரமும் பட்டு அது உப்பியதில் தரைகள் மேலே எழும்பி வெடித்தன. அந்த வீடுகளைச் சீர்செய்ய 2013-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். எவ்வளவு நன்றாக இறுக்கினாலும் சரக்கு கெட்டதென்றால் பயனில்லை.

லாரியில் வரும் மண்ணுக்கு நடைச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியில்லாமல் எடுத்த கனிமத்தை ஏற்றி வரும் வண்டியை 1957-ஆம் ஆண்டின் கனிமச் சட்டப்படி பறிமுதல் செய்ய முடியும். பாதி நிரப்பிய நிலையில் வண்டி மாட்டினால் உங்கள் வேலைதான் நிற்கும். சீட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் எத்தனை லோடு வந்தது என்பதற்கும் அது கணக்காகும்.

அந்தக் கணக்கு முக்கியமானது. 12-க்கு 14 அடி அறை, மூன்றடி ஆழம் நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 504 கன அடி. யூனிட் என்பது 100 கன அடி என்பதால், ஏறக்குறைய ஐந்து யூனிட். உதிரியாகக் கொட்டிய மண் இறுக்கும்போது ஐந்தில் ஒரு பங்காவது குறையும். அப்படியானால் அந்த அறைக்கு ஆறேகால் யூனிட்டுக்கு மேல் தேவை. சரியாக ஐந்து யூனிட் வந்து அறையும் நிரம்பிவிட்டது என்றால், நீங்கள் காசு கொடுத்ததில் ஒரு பகுதி காற்று. வந்த லோடுகளை எண்ணினாலே பாதி உண்மை தெரிந்துவிடும்.

ஈரமும் அடுக்கும்

‘தண்ணி கட்டி விட்டா தானா செட் ஆயிடும்’ என்பது மேஸ்திரிகளின் நம்பிக்கை. சுத்தமான ஆற்று மணல் தாராளமாகக் கிடைத்த காலத்தில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்தது. மணலில் தண்ணீர் வடியும்போது துகள்களும் கீழே அமரும். இன்றைய கிராவலில் களி இருக்கிறது. அதில் தண்ணீரைத் தேக்கினால் துகள்களுக்கு இடையில் காற்று இருந்த இடத்தில் தண்ணீர் உட்காரும். மேலே மட்டமாகத் தெரியும். காய்ந்ததும் சுருங்கும். சேறான மண்ணின் மேல் மிஷினை ஓட்டினால் ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் எழும்பி, ஜெல்லி போல அலையடிக்கும். அப்படி அலையடித்தால் வேலையை நிறுத்திவிட்டு மண்ணைக் காயவிடுவதுதான் வழி.

காய்ந்த மண்ணும் இறுகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பதம் இருக்கிறது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் குடிநீர்த் துறையில் அணை கட்டும் வேலையில் இருந்த ரால்ஃப் ப்ராக்டர் என்ற பொறியாளர், ஒவ்வொரு மண்ணும் ஒரு குறிப்பிட்ட ஈரத்தில்தான் மிக அதிகமாக இறுகும் என்பதைச் சோதனையாக வகுத்து 1933-இல் வெளியிட்டார். இன்றும் அது ப்ராக்டர் சோதனைதான். நம்முடைய ஐ.எஸ். 2720 தரநிலையின் 7-ஆம், 8-ஆம் பகுதிகள் அதைப் பற்றியவை. வீட்டுக்கு ஆய்வகம் வரை போக முடியாவிட்டாலும் உள்ளங்கை போதும். ஒரு பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடித்துக் கையைத் திறக்க வேண்டும். உருண்டை நிற்காமல் உதிர்ந்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் ஈரம் ஒட்டிப் பளபளத்தால் அதிகம். உருண்டை நின்று, விரலால் அழுத்தியதும் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அதுதான் பதம். களிகலந்த மண்ணுக்குத்தான் இந்தச் சோதனை. கிரஷர் டஸ்ட்டை நன்றாக நனைத்தே இறுக்கலாம்.

அடுத்து அடுக்கு. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் பேஸ்மென்ட் நிரப்பும் மண் 20 சென்டிமீட்டருக்கு மிகாத அடுக்குகளாகப் போடப்பட்டு, ஒவ்வொரு அடுக்கும் தண்ணீர் தெளித்து இடித்துக் கெட்டிப்படுத்தப்பட வேண்டும் என்று இருக்கிறது. அதாவது உதிரியாக எட்டு அங்குலம். இறுகியதும் ஆறு அங்குலம் சொச்சம். மூன்றடி நிரப்ப ஆறு அடுக்கு. சின்ன மிஷின்களின் விசை அதற்குக் கீழே போகாது. மூன்றடியையும் கொட்டிவிட்டு மேலே எவ்வளவு பெரிய மிஷினை ஓட்டினாலும் மேல் ஓரடிதான் இறுகும். அடியில் இருப்பது நேற்றுக் கொட்டிய மண்ணாகவே இருக்கும். நம் பெரியவர்கள் பேஸ்மென்ட் நிரப்பி ஒரு மழைக்காலம் சும்மா விட்டுவைத்ததும் இதற்காகத்தான். அந்தப் பொறுமைக்கு இன்று வங்கிக் கடனின் மாதத் தவணை இடம் கொடுப்பதில்லை.

எந்த மிஷின்?

முதலில் திமிசு. மரக்கட்டையோ இரும்புத் தட்டோ வைத்த கைக்கருவி. இதைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். சுவரோரம், தூணைச் சுற்றி, குழாய்க்கு மேல் என்று மிஷின் போகக்கூடாத இடங்களுக்கு இதுதான். நாலு அங்குலத்துக்கு மேல் அடுக்கு போடாமல் இடித்தால் நன்றாகவே இறுகும். முழு வீட்டையும் இதால் முடிப்பேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை தளர்ந்துவிடும், இடியின் வேகமும் குறைந்துவிடும்.

வாடகைக் கடையில் கேட்டதும் எடுத்துத் தருவது பிளேட் காம்பாக்டர். பெட்ரோல் என்ஜின், அடியில் இரும்புத் தகடு, 80 முதல் 100 கிலோ எடை. நிமிடத்துக்குப் பல ஆயிரம் அதிர்வு. கிரஷர் டஸ்ட், எம்-சாண்ட், களி குறைந்த கிராவல் ஆகியவற்றுக்கு இதுவே சரி. அகலமான இடத்தை வேகமாக முடிக்கும். ஒவ்வொரு தடவையும் முந்தைய தடத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கு ஏறிப் போகும்படி ஓட்ட வேண்டும். ஒரு அடுக்குக்கு நாலிலிருந்து ஆறு தடவை. பாதியை நீளவாக்கில், பாதியைக் குறுக்குவாக்கில். போதுமா என்பதை மிஷினே சொல்லும். முதல் தடவை மண்ணில் புதைந்து மொத்தையாக ஒலிக்கும். மண் இறுக இறுகச் சத்தம் கூர்மையாகி, தகடு துள்ள ஆரம்பிக்கும். துள்ளத் தொடங்கிய பிறகும் ஓட்டினால் மேற்பரப்பு திரும்ப இளகும், மிஷினுக்கும் கேடு. களிமண்ணில் இந்தத் தகடு மேலே சப்புச் சப்பென்று அறையும், அடியில் மண் ஒட்டிக்கொள்ளும், உள்ளே ஒன்றும் நடக்காது.

களிக்கு ராமர். ஒருவர் நின்றபடி இரண்டு கையாலும் பிடித்து ஓட்டும், எகிறி எகிறிக் குத்தும் மிஷின். எடை 60-லிருந்து 80 கிலோ. அடிப்பாதம் ஓரடி அகலம்கூட இருக்காது. நிமிடத்துக்கு அறுநூறு எழுநூறு குத்து. விசை முழுக்கச் சின்னப் பாதத்தில் இறங்குவதால் களியின் கட்டிகளை உடைத்து இறுக்கும். குறுகிய பள்ளங்களுக்கும் மூலைகளுக்கும் ஏற்றது. அகலமான ஹாலுக்கு இது மெதுவான மிஷின். உலர்ந்த மணலில் ஓட்டினால் இறுக்குவதற்குப் பதில் குழி பறிக்கும்.

சாதாரணமாக ஒரு வீட்டுக்கு இரண்டும் தேவைப்படும். நடுப்பரப்புக்குப் பிளேட், ஓரங்களுக்கு ராமர். ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் என் யோசனை இது: ஈரமண் விரலில் ஒட்டி இழுபட்டால் ராமர், ஒட்டாமல் உதிர்ந்தால் பிளேட்.

கார் நிறுத்தும் இடத்துக்குக் கருங்கல் சோலிங் போடுகிறவர்கள் உண்டு. ஆறு முதல் ஒன்பது அங்குலக் கல்லைக் கையால் நெருக்கி அடுக்கி, இடைவெளியில் சில்லும் கிராவலும் அடைத்து, தண்ணீர் விட்டு இறுக்குவது. இதன்மேல் லேசான பிளேட்டை ஓட்டினால் அது கல்லுக்குக் கல் தாவுமே தவிர ஒன்றும் செய்யாது. முன்னும் பின்னும் போகும் கனமான பிளேட், 200 கிலோவுக்கு மேல், வேண்டும். அல்லது ஆள் பின்னால் நடந்தபடி ஓட்டும் இரட்டை உருளை ரோலர். அந்த ரோலர் அறைக்குள் திரும்பாது, காம்பவுண்டுக்குள் மட்டும்தான். பெரிய கல்லை விட, 40 மில்லிமீட்டர் ஜல்லியிலிருந்து தூள் வரை கலந்து வரும் வெட் மிக்ஸ் வாங்கி இரண்டு அடுக்காகப் போட்டால் வேலை சுலபம், இறுக்கமும் சீராக இருக்கும்.

ஜேசிபி இறுக்கும் மிஷின் அல்ல. ஏழரை டன் வண்டி ஏறி இறங்கினால் மண் கெட்டிப்படும் என்பது பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கும். டயர் போன தடத்தில் மட்டும் அமுங்கும், பக்கெட்டால் தட்டினால் மேல்தோல் மட்டும். போதாததற்கு, புதிதாகக் கட்டிய பேஸ்மென்ட் சுவருக்கருகில் அந்த எடை வந்தால் சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ளும்.

சுவர் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கட்டிய சுவர் குறைந்தது ஒரு வாரம் நீர் குடித்து ஆறட்டும். உள்ளே நிரப்பும்போது வெளிப்பக்கமும் மண் அணைத்து, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் உயர்த்திக்கொண்டு போக வேண்டும். கழிவுநீர்க் குழாய் தரைக்கடியில் ஓடினால் அதற்கு மேல் ஓரடி மண் ஏறும்வரை திமிசு மட்டும். அடியில் உடைந்த குழாய் கசிந்து மண்ணை அரிப்பதும் தரை இறங்க ஒரு காரணம்.

கடைசி அடுக்கு முடிந்த பிறகுதான் கரையான் மருந்து. ஐ.எஸ். 6313 தரநிலை நிரப்பிய பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கரைசல் கேட்கிறது. நாம் பார்த்த 12-க்கு 14 அறைக்கு இது 78 லிட்டர். தோளில் மாட்டிய ஒரு ஸ்ப்ரேயரோடு வந்து மொத்த வீட்டையும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போகிறவரிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

வாடகைக் கடையில்

கடையிலேயே மிஷினை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அடித்தகட்டில் விரிசல் இருக்கிறதா, பெல்ட்டின் மேல் மூடி இருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். கைப்பிடிக்கும் என்ஜினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குஷன்களைக் குனிந்து கவனியுங்கள். அவை கிழிந்திருந்தால் அதிர்வெல்லாம் ஓட்டுபவர் கைக்கு வரும். நாள்கணக்கில் அப்படி ஓட்டுகிறவர்களுக்கு விரல் மரத்துப்போய், நரம்பும் ரத்த ஓட்டமும் கெடும்.

ஏற்கெனவே உள்ள சேதத்தைப் படம் எடுத்துக் கடைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது ‘நீங்கதான் உடைச்சீங்க’ என்ற பேச்சு வராது. முன்பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ஒரிஜினல் ஆதாரை அடமானம் போல விட்டுவிட்டு வருவது பழக்கமாகிவிட்டது, அது தேவையில்லை. கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். நகலின் மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்.

ராமர் ஓட்டுபவர் பெரும்பாலும் ரப்பர் செருப்போடு நிற்பார். குத்தும் பாதத்துக்கும் அவர் கால்விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்காது. இரும்பு முகப்பு வைத்த ஷூ ஒரு ஜோடி நீங்களே வாங்கி வைத்தாலும் தப்பில்லை. காதடைப்பும் கையுறையும் கூட வேண்டும். டஸ்ட்டும் இடிபாடும் கையாளும்போது தண்ணீர் தெளிக்காவிட்டால் எழும் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். மூக்கில் துண்டைக் கட்டுவது அதைத் தடுக்காது. பழைய வீட்டில் தரையை மட்டும் பெயர்த்துத் திரும்பப் போடுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கதவு ஜன்னல் சாத்திய அறைக்குள் பெட்ரோல் மிஷினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். மின்சார மிஷின் என்றால் ஈர மண்ணில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு துண்டிப்பான்) இல்லாமல் பிளக்கைச் செருகக் கூடாது.

வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு வேலை கொடுத்தவர் நஷ்டஈடு தர வேண்டும் என்பது 1923 முதல் நம் நாட்டுச் சட்டத்தில் உள்ள கோட்பாடு. கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்றால் பொறுப்பு கான்ட்ராக்டருடையது. நீங்களே நாள்கூலிக்கு அழைத்திருந்தால் கேள்வி உங்களிடம் வரும். கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேட்டுவைப்பது இரு தரப்புக்கும் நல்லது.

பக்கத்து வீடு பழையதாக, மண் சாந்தில் கட்டியதாக இருந்தால் அதிர்வு அங்கே போகும். வேலை தொடங்குமுன் அவர்களையும் கூட வைத்துக்கொண்டு அவர்கள் சுவரில் இருக்கும் விரிசல்களைப் படம் எடுத்துவிடுங்கள். பழைய விரிசலுக்கும் புதிய விரிசலுக்கும் நடுவில் வரும் சண்டையை அந்தப் படம்தான் தீர்க்கும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை சத்தம் எழுப்பும் கட்டுமான எந்திரங்களை இயக்க ஒலிமாசு விதிகள் தடை விதிக்கின்றன. உங்களுக்குத் தொந்தரவு வந்தாலும் காவல் நிலையத்தில் இதைச் சொல்லிப் புகார் தரலாம்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

‘பேஸ்மென்ட் நிரப்புதல் உட்பட’ என்ற மூன்று சொல்லோடு பெரும்பாலான ஒப்பந்தங்கள் இந்த வேலையைக் கடந்துவிடுகின்றன. அந்த இடத்தில் நாலு வரி கூடுதலாக இருக்கட்டும். என்ன மண், அடுக்கு எத்தனை அங்குலம், எந்த மிஷின், ஒவ்வொரு அடுக்கும் யார் பார்த்த பிறகு அடுத்தது. தவணையையும் இரண்டாக உடையுங்கள். மண் நிரப்பி இறுக்கி முடித்ததும் ஒரு பகுதி, பி.சி.சி. முடிந்ததும் மறுபகுதி. மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கைக் குடிபுகுந்து ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைக்கும் ஷரத்தைக் கேட்டுப் பாருங்கள். சில கான்ட்ராக்டர்கள் முகம் சுளிப்பார்கள். வேலையில் நம்பிக்கை இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

வேலை நடக்கும் இடத்தில் செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. பேஸ்மென்ட் சுவரின் உட்பக்கத்தில் அடியிலிருந்து ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடாகப் பெயின்ட்டால் இழுத்து எண் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு அடுக்கு முடிந்ததும் அந்தக் கோடும், மண்ணின் மேல் நிற்கும் மிஷினும் ஒரே படத்தில் வரும்படி, தேதியும் இடமும் பதியும் கேமரா ஆப்பில் எடுத்துக் கான்ட்ராக்டருக்கு அனுப்புங்கள். கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் வேலையே சரியாக நடக்கும். நடக்காவிட்டால் அதற்கும் பதிவு இருக்கும். பெரிய வீடு என்றால் ஆய்வகத்தை அழைத்துக் கோர் கட்டர் சோதனை செய்யலாம். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள இரும்பு உருளையை மண்ணில் இறக்கி எடுத்து எடைபோட்டு, அந்த மண் எட்டக்கூடிய அதிகபட்ச அடர்த்தியில் எத்தனை சதவீதம் வந்திருக்கிறது என்று சொல்வார்கள். வழக்கமாகக் கேட்பது 95. சரளைக் கல் அதிகம் உள்ள மண்ணில் உருளை இறங்காது. அதற்கு மணல் மாற்று முறை இருக்கிறது.

இறங்கிவிட்டது, இப்போது?

முதலில் இறங்கியது தரைதானா என்று உறுதி செய்ய வேண்டும். டைல்ஸைத் தட்டி டொக்கென்று கேட்டால் அது ஒட்டாத டைல்ஸாகவும் இருக்கலாம். ஸ்கர்ட்டிங் சுவரோடு நிற்க, தரை மட்டும் கீழே போயிருந்தால்தான் மண் அமுங்கியதற்கு அடையாளம். டியூப் லெவலை வைத்து அறையின் மூலைகளையும் நடுவையும் அளந்து தேதியோடு குறித்து வைத்து, ஒரு மாதம் கழித்துத் திரும்ப அளந்து பாருங்கள். இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா, நின்றுவிட்டதா என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும்.

கோபத்தில் உடனே தரையைப் பெயர்த்துவிடாதீர்கள். வழக்குக்கு அதுதான் சாட்சி. குறையை விவரித்து, வந்து பார்க்க நாள் குறிப்பிட்டு, ஒப்புகையோடு கூடிய விரைவுத் தபாலில் கான்ட்ராக்டருக்கு நோட்டீஸ் அனுப்புங்கள். சம்பந்தமில்லாத ஒரு தகுதிபெற்ற பொறியாளரை வைத்து, காரணமும் சீரமைப்புச் செலவும் அடங்கிய அறிக்கை வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சுகளை அழிக்காமல் வைத்திருங்கள். 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டப்படி உரிய சான்றிதழோடு அவற்றைத் தாக்கல் செய்ய முடியும்.

எங்கே போவது என்பது வீடு எப்படி வந்தது என்பதைப் பொறுத்தது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவான திட்டத்தில் புரொமோட்டரிடம் வாங்கிய வீடு என்றால், ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14(3) பிரிவு இருக்கிறது. சாவி கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் தமிழ்நாடு ரெராவில் புகார் தரலாம்.

சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அவருக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வீடு கட்டித் தருவது அந்தச் சட்டத்தின்படி ‘சேவை’. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கொத்தனாரையும் சித்தாளையும் நாள்கூலிக்கு நீங்களே அமர்த்தி, நீங்களே மேற்பார்த்துக் கட்டினால், அது உங்கள் கட்டளைக்குக் கீழ் நடந்த ஊழியம். சட்டம் அதைச் சேவை என்று கணக்கில் எடுக்காது. லேபர் கான்ட்ராக்ட்டாக இருந்தாலும் வேலையின் அளவையும் தரத்தையும் எழுதி ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போடுவது இதற்காகவும்தான்.

வேலைக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கான்ட்ராக்டரின் ஊருக்குப் போக வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணம் 5 லட்சம் வரை கிடையாது. 5 முதல் 10 லட்சத்துக்கு 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். சீரமைப்புச் செலவு, அந்தக் காலத்துக்கு வெளியே தங்கிய வாடகை, மன உளைச்சலுக்கான இழப்பீடு எல்லாவற்றையும் மனுவில் கேட்கலாம். கேட்காததை ஆணையம் தானாகக் கொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

காலக்கெடு இரண்டு ஆண்டு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து. ‘மழை நிக்கட்டும், பொங்கல் கழியட்டும், ஆள் அனுப்புறேன்’ என்று கான்ட்ராக்டர் சொல்லச் சொல்ல இந்த இரண்டு ஆண்டும் கரைந்துவிடும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம் என்றாலும் அதை நம்பி உட்கார்ந்திருப்பது சரியல்ல. மனு எழுதத் தெரியவில்லை, எங்கே தொடங்குவது என்று புரியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிக் கேட்கலாம்.